மூன்றரை நிமிட மணி

நேயர்களுக்கு வணக்கம். நாடாளுமன்றம் என்றதும் கூச்சலும் வெளிநடப்பும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு ஒரு மணிச் சத்தம் நினைவு வரும். மக்களவையில் வாக்கெடுப்புக்கு முன் அடிக்கிற மணி அது.

எந்தத் தீர்மானமானாலும் முதலில் குரல் வாக்கெடுப்புதான். 'ஆம்' என்பவர்கள் ஒரு பக்கம் குரல் கொடுப்பார்கள், 'இல்லை' என்பவர்கள் இன்னொரு பக்கம். எது அதிகம் என்று காதால் கேட்டு சபாநாயகர் அறிவிப்பார். அதை உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மணி அடிக்கச் சொல்வார். நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பவர், கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருப்பவர் எல்லாரும் எழுந்து ஓடி வரவேண்டும். மூன்றரை நிமிடம்தான். கவனியுங்கள், மூன்று அல்ல, நான்கு அல்ல, மூன்றரை. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே நிற்பவர் மத்திய அமைச்சராக இருந்தாலும் வெளியேதான்.

நான் ஒரு கிராமப் பள்ளியில் குடிமையியல் நடத்தியவன். இந்த மணியைப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. சரி, நடத்தியே காட்டுவோம் என்று ஒருநாள் வகுப்பை வெளியே அனுப்பினேன். சிலர் வேப்ப மரத்தடிக்குப் போனார்கள், சிலர் அடிபம்புக்கு. எங்கள் பள்ளி மணி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஒரு பையன் அதை அடித்துக்கொண்டே இருந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பொறுப்பு ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. நேரம் முடிந்ததும் சாத்திவிட்டாள். என்ன சத்தம் என்று பார்க்க வந்த தலைமையாசிரியர் கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. "சார், ஓட்டு எண்ணி முடியல" என்றாள் உள்ளிருந்தே. அவரும் வெயிலில் நின்றார், எண்ணி முடிக்கும்வரை நின்றார். அந்தப் பெரிய மனசை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் கதவு எதற்கு என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருவர் உள்ளே வந்தாரா, வரவில்லையா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1999 ஏப்ரல் 17-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். வாஜ்பாய் அரசு நம்பிக்கை கேட்டது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் ஒரு மத்திய அரசு போனது. அப்படிப்பட்ட நாளில் கதவு பிந்திச் சாத்தினாலும் தப்பு, முந்திச் சாத்தினாலும் தப்பு. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மூன்றரை நிமிடம்.

மணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை நடக்க மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு பேராவது இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 100-ஆவது பிரிவு. மக்களவையில் அது 55 பேர். ஆள் குறைகிறது என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னால் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிடுவது மாதிரிதான். 543 பேரில் 55 பேரைக் கூப்பிட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். நம் பிரதிநிதி அங்கே உட்கார்ந்திருக்கிறாரா என்று நாமும் கேட்க வேண்டும்.

கேள்வி நேரத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி நாளொன்றுக்கு 20. அதற்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். யாருடைய கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். நேரம் போதாமல் விட்டுப்போன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. தமிழில் பேசுவது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும் என்றாலும், அந்த இரண்டிலும் சரளமாகப் பேச முடியாதவருக்குத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதி தரலாம் என்று 120-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழில் பேசப்போகிறேன் என்று உறுப்பினர் முன்கூட்டித் தெரிவித்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் தயாராக இருப்பார். உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். வணக்கம்.