எல்லையோரத்தில் பிறந்த மஞ்சள் சட்டை

நண்பர்களே, வணக்கம்.

மஞ்சள் சட்டை, பச்சைக் காலர், நீல அரைக்கால் சட்டை. இவ்வளவு சொன்னாலே போதும், சின்னப் பிள்ளைகூட பிரேசில் என்று சொல்லிவிடும். ஆனால் 1953 வரை பிரேசில் கால்பந்து அணியின் சட்டை வெள்ளைதான். காலர் மட்டும் நீலம். அது ஏன் மாறியது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

1950 ஜூலை 16. உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி நாள். பிரேசிலின் ரியோ நகரத்து மரக்கானா மைதானம். இரண்டு லட்சத்தை நெருங்கும் கூட்டம். அந்த முறை தனி இறுதி ஆட்டம் கிடையாது. கடைசிச் சுற்றில் நான்கு அணிகள். உருகுவேயோடு சமன் செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. முதல் கோலும் பிரேசில்தான் போட்டது. அப்புறம் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79வது நிமிடத்தில் அதே அணியின் கிஜ்ஜியா அடித்த பந்து பிரேசில் கோல்கீப்பர் பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்தது. 2-1. அத்தனை பெரிய கூட்டம் வாயடைத்துப்போனது. பவுரு நகரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த தந்தை அழுவதை ஒன்பது வயது மகன் பார்த்தான். உங்களுக்காக நான் கோப்பை வாங்கித் தருகிறேன் என்றான். அந்தப் பையன்தான் பெலே.

பழியைச் சுமக்க ஆள் வேண்டுமே! பார்போசா சுமந்தார், 2000-இல் சாகும்வரை. பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டு, நான் 50 ஆண்டு அனுபவித்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மனிதரோடு சேர்த்துச் சட்டையும் பழியைச் சுமந்தது. வெள்ளையில் நாட்டின் அடையாளம் எதுவும் இல்லை என்று பேச்சு எழுந்தது. 1953-இல் 'கொரேயு த மன்யா' என்ற ரியோ நாளிதழ் புதிய சீருடைக்குப் போட்டி அறிவித்தது. ஒரே நிபந்தனை: தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் இருக்க வேண்டும்.

நாடு முழுவதிலிருந்தும் படங்கள் வந்தன. வென்றவர் ரியோக்காரர் அல்ல, நாட்டின் தெற்குக் கோடியில் பெலோட்டாஸ் நகரத்துப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த அல்டிர் கார்சியா ஷ்லீ. வயது சுமார் 19. நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளை வரைந்து பார்த்தார். மூன்று நிறம் என்றால் எப்படியாவது ஒத்துப்போகும், நான்கை ஒரே உடையில் வைப்பது பெரும்பாடு. சட்டையிலேயே நான்கையும் திணித்தால் கண் கூசும். கடைசியில் அவருக்கு வழி புலப்பட்டது. நாட்டை நினைவூட்டும் மஞ்சளும் பச்சையும் சட்டைக்கு. நீலமும் வெள்ளையும் ஒன்றுக்கொன்று இசைவானவை, அவை கீழே. மஞ்சள் சட்டையின் காலரிலும் கை ஓரத்திலும் பச்சை, நீலக் கால்சட்டையின் பக்கத்தில் வெள்ளைக் கோடு, வெள்ளைக் காலுறை. சரி, இவ்வளவுதானா என்று தோன்றலாம். எழுபது ஆண்டுகளில் எத்தனையோ நிறுவனங்கள் தைத்தும் அந்த அமைப்பு மாறவில்லையே!

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஷ்லீ பிறந்த ஊர் ஜாகுவராவோ. அது உருகுவே எல்லை. ஆற்றின் மேல் ஒரு பாலம், தாண்டினால் அந்த நாடு. அவருக்கு இரு கரையும் சொந்தம். பின்னாளில் போர்ச்சுகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் கதைகள் எழுதினார். 1950-இல் அந்தத் தோல்விச் செய்தி வந்தபோது அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு திரையரங்கில் இருந்தார். படத்தை நிறுத்தி, உருகுவே வென்றது என்று அறிவித்தார்கள். அவருடைய மனமும் கால்பந்தில் உருகுவே பக்கம்தான். பிரேசில் தன் காயத்துக்குக் கட்டிய துணி, எதிரணியை நேசித்த ஒரு பையனின் கையிலிருந்து வந்தது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லையோரத்தில் வளர்கிற பிள்ளைக்கு இரண்டு பாசம் இயல்பு.

1954 உலகக் கோப்பைக்கு மஞ்சள் போனது. காலிறுதியில் ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்றுத் திரும்பியது. 1958-இல் ஸ்வீடனில் இறுதி ஆட்டம். எதிரே ஸ்வீடன், அவர்களுக்கும் மஞ்சள்! வெள்ளைக்குத் திரும்ப எவருக்கும் மனம் வரவில்லை. அவசரமாக நீலச் சட்டைகள் வாங்கி, பழைய சட்டையின் சின்னங்களைப் பிரித்துத் தைத்தார்கள். வீரர்கள் கலங்காதிருக்க, அணியோடு சென்ற குழுவின் தலைவர் பாவுலோ மச்சாடோ த கார்வல்யோ, இது பிரேசிலின் காவல் அன்னையான அப்பாரெசிடா மாதாவின் மேலாடை நிறம் என்று தைரியம் சொன்னார். 5-2 என வென்றார்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைப் பெலே காப்பாற்றியது நீலச் சட்டையில்தான், வயது 17. மஞ்சள் சட்டையில் இறுதி ஆட்டம் வெல்ல 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970-இல் மெக்சிகோவின் வெயிலில், வண்ணத் தொலைக்காட்சியில் அந்த மஞ்சளை உலகம் கண்குளிரப் பார்த்தது.

ஷ்லீ 2018 நவம்பர் 15 அன்று காலமானார். அடுத்த நாள் லண்டனில் ஓர் ஆட்டம், ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது. பிரேசிலும் உருகுவேயும் ஆடின.