இக்கரைப் பச்சை

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வனத்துறை அலுவலர்களே, மாலை வெயிலிலும் வந்திருக்கிற பாளையங்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கிற தம்பிமாரே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த வரவேற்புக் குழுவுக்குத் தனி வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நகரை ஒட்டிய காடு, அதைத் தின்கிற மரம், தாமிரபரணிக் கரை மருதமரங்கள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை. காடு என்றதும் நம் கை பொதிகையைத்தான் காட்டுகிறது. மதுரை ரோட்டில் கங்கைகொண்டான், 288 ஹெக்டேர், 2013 முதல் புள்ளிமான் சரணாலயம். தூத்துக்குடி ரோட்டில் வல்லநாடு, 1987 முதல் வெளிமான் சரணாலயம். அங்கே குடை விரித்த உடைமரமும் இலந்தையும் காரைச் செடியும் இருக்க, நாம் 'வெறும் பொட்டல்' என்கிறோம். வெளிமானுக்கு அந்தத் திறந்தவெளிதான் வேண்டும். எதிரியைத் தூரத்தில் பார்த்து ஓடித் தப்பிக்கிற பிராணி அது.

ஒரு ஊரில் மரம் நடு விழா. பந்தல், மைக்செட், வடை, டீ. முதல்நாளே ஜேசிபி வந்து உடை, இலந்தை எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட்டது. ஆடு மேய்க்கிற பெரியவர் கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன அண்ணாச்சி பாக்கிய?" "ஒண்ணுமில்ல, இருந்த மரத்தப் பிடுங்கிட்டு இல்லாத மரத்துக்குக் குழி தோண்டுதியளே, அதான் பாக்கேன்." கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே பெரியவர் வந்தார். நட்ட கன்றைக் காணோம், குழிக்குக் குழி சீமைக்கருவேலம். "தண்ணி ஊத்தாமலே வளந்துட்டே!" என்றாராம். அக்கரைப் பச்சைக்கு ஆசைப்பட்டு இக்கரைப் பச்சையை வழித்த கதை.

ஏன் அப்படி? சீமைக்கருவேலத்தின் நெற்று இனிப்பு. ஆடும் மாடும் மானும் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழும். கிளறிப் போட்ட வெற்றுமண்ணும் வெயிலும் கிடைத்தால் கேட்க வேண்டுமா?

தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும், ஏனென்றால் மொட்டுகள் தண்டும் வேரும் சேருகிற வேர்க்கழுத்தில் மண்ணுக்குள் இருக்கின்றன. சுற்றிலும் தோண்டி, தரைக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் தாய்வேரை அறுங்கள். உடைமரத்தை அறுத்துவிடாதீர்கள்: அதன் உச்சி தட்டையான குடை, சீமைக்கருவேலம் ஒழுங்கில்லாத புதர். மறு மழையில் முளைக்கும் நாற்றை ஈரத்தோடு கையால் பிடுங்கலாம், காய்ந்தபின் முடியாது.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். மருதமரம் இன்றைக்கு அக்கரையிலேயே நிற்கட்டும். சரணாலயத்துக்குள் நாமாக இறங்க முடியாது, வனத்துறை அனுமதியோடு விளிம்புப் புறம்போக்கில் சீமைக்கருவேலம் அகற்றுகிற வேலையைத் தொடங்குவோம். பெயர் தருகிறவர்கள் மண்வெட்டி, கடப்பாரை, தோல் கையுறை கொண்டுவாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், முள் அடியில் ஏறிப் பாதத்தில் வந்து நிற்கும்.