பி.டி. பீரியட் யாருக்கு?

[திரையில்: ஏழாம் வகுப்புக் கால அட்டவணை. ‘உடற்கல்வி’ என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் பச்சை நிறத்தில்.]

வணக்கம். வாரத்துக்கு இரண்டு பீரியட். காகிதத்தில் இருக்கிறது, சரி. காலாண்டுத் தேர்வு நெருங்கட்டும். “போர்ஷன் முடியல சார், இன்னைக்கு மட்டும் குடுங்க” என்று கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். கொடுத்த பீரியட் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. 2023இல், அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு ஊரறிந்த வழக்கம்.

[திரையில்: விசிலுடன் பள்ளி வாசலில் நிற்கும் ஆசிரியர்.]

கடன் போகாத நாளில் என்ன நடக்கிறது? பி.டி. சாருக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. காலையில் பிரேயர் வரிசை, தாமதமாக வருபவர்களை நிறுத்துவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, ஆண்டு விழாவுக்குப் பந்தல். பல பள்ளிகளில் அவர்தான் காவல் நிலையம்!

அப்புறம் போட்டிகள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். கோப்பை வந்தால் பள்ளிக்குப் பெயர். அதனால் அவருடைய நேரமும் கவனமும் அணியில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கே போய்விடுகிறது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவனுக்கு இன்னும் நன்றாக ஓடப் பயிற்சி. ஓடத் தயங்குகிறவனுக்கு வேப்பமரத்து நிழல். கணக்கில் பின்தங்கியவனை யாராவது வெளியே உட்காரவைப்போமா? மைதானம் இல்லை என்று எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் அதைவிடப் பெரிய சிக்கல்.

மைதானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எத்தனை சதுர அடி என்று சொல்லவில்லை. நகரத்துத் தனியார் பள்ளிகள் சிலவற்றில் வேன் நிற்கும் இடமே மைதானம்.

[திரையில்: ஒரே பந்து, நீண்ட வரிசை.]

இப்போது ஒரு கணக்கு. 40 பிள்ளைகள், 40 நிமிடம், ஒரு வாலிபால். வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் போடச் சொன்னால் தலைக்கு ஒரு நிமிடம். மீதி 39 நிமிடம் வேடிக்கை. அதே பிள்ளைகளை எட்டுக் குழுவாகப் பிரித்து, பழைய டென்னிஸ் பந்து, டென்னிகாய்ட் வளையம், ஸ்கிப்பிங் கயிறு என்று குழுவுக்கு ஒன்று கொடுத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் விட்டால், ஐந்து பேருக்கு ஒரு பொருள். யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. செலவும் பெரிதல்ல.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. எட்டாம் வகுப்பு வந்ததும் “வயிறு வலிக்குது சார்” என்று ஒதுங்குகிறார்கள். துப்பட்டாவைக் குத்திக்கொண்டு, பையன்கள் பார்க்க, எப்படி ஓடுவது? உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, முடிந்தால் ஓர் ஆசிரியை. இவை இருந்தால் அந்த வயிற்றுவலிகளில் பாதி குறையும்.

[திரையில்: பெற்றோர் கூட்டம்.]

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டம்தான். அடுத்த கூட்டத்தில் கட்டடம், குடிநீரோடு இதையும் கேளுங்கள்: போன மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, அதில் எத்தனை பிள்ளைகள் ஓடினார்கள்?