இலைச்சாறும் சர்க்கரை நோயும்: எலிக்குக் கொடுத்த அளவு நமக்கு எவ்வளவு?

வணக்கம் நண்பர்களே. "இந்த இலைச்சாறு குடிச்சா சுகர் மாத்திரையே வேண்டாம், ஆராய்ச்சியில நிரூபிச்சுட்டாங்க"ன்னு வர்ற பதிவுகளை எனக்கு அனுப்பி, "இது உண்மையா?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. இலையில மருந்துக் குணம் இருக்கா? இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். மருந்துக் குணம் இருக்கறதாலேயேதான் அளவு பாக்காம குடிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

மெட்ஃபார்மின் கதையைக் கேளுங்க. டைப் 2 சர்க்கரைக்கு, அதாவது இன்சுலின் சுரந்தும் சரியா வேலை செய்யாத வகைக்கு, முதல்ல எழுதிக் கொடுக்கிற மாத்திரை பெரும்பாலும் அதுதான். அதோட பூர்வீகம் கலேகா அஃபிசினாலிஸ்னு ஒரு செடி. அந்தச் செடியில கலெஜின்னு ஒரு பொருள் இருக்கு. அது ரத்தத்துல சர்க்கரையைக் குறைக்கும், ஆனா நஞ்சு. மேயற ஆடுகளையே கொன்னிருக்கு. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922ல ஆய்வகத்துல தயாரிச்சாங்க. அதை சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஜான் ஸ்டெர்ன்ங்கற பிரெஞ்சு டாக்டர் முடிவை வெளியிட்டது 1957ல. நடுவுல 35 வருஷம்!

முசுக்கொட்டை இலை, அதாவது மல்பெரி, அதுலயும் விஷயம் இருக்கு. அதுல இருக்கிற டிஆக்ஸிநோஜிரிமைசின்ங்கற பொருள், குடல்ல மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதியைத் தடுக்கும். அதனால சாப்பிட்ட உடனே சுகர் சட்டுனு ஏறாது. இந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாத்தி உருவாக்கினதுதான் மிக்லிட்டால் மாத்திரை. சிறுகுறிஞ்சான் இலையை மென்னா கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது இல்லையா, அதுக்குக் காரணம் ஜிம்னிமிக் அமிலங்கள். அவை நாக்குல இனிப்பை உணர்ற இடத்தைத் தடுத்துடும். ஆனா அதே சிறுகுறிஞ்சானால கல்லீரல் பாதிக்கப்பட்டவங்களைப் பத்தியும் மருத்துவ இதழ்ல பதிவு இருக்கு.

சரி, அந்த "நிரூபிச்சுட்டாங்க"வுக்கு வருவோம். இந்த மாதிரி ஆய்வுகள்ல முக்கால்வாசி எலியில நடக்கிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு ரசாயனத்தை ஊசியில ஏத்தி, கணையத்துல இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழிச்சு, எலிக்குச் சர்க்கரை நோய் வரவைப்பாங்க. நமக்கு வர்ற டைப் 2 அப்படி வர்றதில்ல. இலையையும் நாம அரைக்கிற மாதிரி அரைக்க மாட்டாங்க. காயவெச்சுப் பொடிச்சு, எத்தனால்லயோ மெத்தனால்லயோ ஊறவெச்சு, வடிச்சு, வத்தவெச்சு எடுக்கிறதுதான் சாறம்.

இப்ப ஒரு கணக்குப் போடலாம், பொறுமையா கேளுங்க. எலிக்கு அதோட எடையில கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறம் கொடுத்தாங்கன்னு வெச்சுக்குவோம். மனுஷ அளவுக்கு மாத்த வழக்கமா 6.2ஆல வகுப்பாங்க. நம்ம எடையில கிலோவுக்குக் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு 3.9 கிராம் சாறம். நூறு கிராம் காய்ஞ்ச இலையில பத்து கிராம் சாறம் கிடைக்கும்னு எடுத்துக்கிட்டா, தினமும் 39 கிராம் காய்ஞ்ச இலை! பச்சை இலைன்னா அதைவிடப் பல மடங்கு. அப்போ நாலு இலையை அரைச்சுக் குடிச்சா எலிக்குக் கிடைச்ச பலன் வருமா? சரி, அந்த அளவுக்கே தினமும் குடிச்சா நம்ம கல்லீரல், சிறுநீரகம் தாங்குமா? ரெண்டுக்கும் எலி ஆய்வுல பதில் இல்ல.

அடுத்தது ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்ஸிஜன்ல இருந்து உண்டாகிற வீரியமான பொருள்கள் மிஞ்சிப்போய் செல்லைக் கெடுக்கிற நிலை. இது கட்டுக்கதை இல்ல. ரத்தத்துல சர்க்கரை அதிகமாகும்போது செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா சூப்பர்ஆக்ஸைடுங்கற வீரியமான பொருளை அதிகமா உண்டாக்கும். கண், சிறுநீரகம், நரம்பு கெட்டுப்போறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. இலைச்சாறம் இதைத் தடுக்கும்னு காட்ட டிபிபிஹெச்னு ஒரு சோதனை செய்வாங்க. ஊதா நிறக் கரைசல் மஞ்சளா மாறும். பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா அது சோதனைக்குழாய். இலையில ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிற ஃபிளேவனாய்டுங்கற பொருள்கள் இருக்கும்; நாம குடிக்கும்போது அதுல பெரும்பகுதி குடல்லயும் கல்லீரல்லயும் உருமாறிடும், ரத்தத்துக்குப் போறது கொஞ்சம்தான். வைட்டமின் ஈயும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருள்தானே? அதை வருஷக்கணக்கா ஆயிரக்கணக்கானவங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஹோப் ஆய்வு 2000ல வெளியாச்சு. அதுல சர்க்கரை நோயாளிகளும் இருந்தாங்க. மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையல. சர்க்கரை அளவைக் கட்டுக்குள்ள வெச்சா இந்த அழுத்தம் உண்டாகிற இடத்துலயே குறையும். அதனாலதான் சாறை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

டைப் 1, அதாவது உடம்புல இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காத வகை இருக்கிறவங்க எந்த இலைக்காகவும் ஒரு நாள் கூட இன்சுலினை நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. இன்சுலினோ, கிளிமெப்பிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க அதோட சாறும் குடிச்சா சுகர் 70க்குக் கீழ இறங்கிடலாம். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடன்னு வந்தா உடனே செக் பண்ணுங்க, குளுக்கோஸ் எடுத்துக்குங்க. கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பிரச்சனை இருக்கிறவங்களும் டாக்டரைக் கேக்காம தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே குடிச்சுட்டு இருக்கீங்களா? டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, திட்டினாலும் பரவாயில்ல. எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாளான்னு ஒரு சீட்டுல எழுதிக் கொண்டு போங்க. ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா இதையும் முன்னாடியே சொல்லிடுங்க. எந்த இலையைப் பத்தி இன்னும் விவரமா பேசணும்னு கமெண்ட்ல எழுதுங்க, படிச்சுட்டு வந்து சொல்றேன்.