கயிற்றின் வால்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மனித இனம் பிழைத்து வந்ததும் இனிப் பிழைக்கப்போவதும் அறிவாலா, கூடி வாழ்வதாலா? எனக்கு முன் பேசிய தம்பி அறிவு என்றார். பாம்பன் புதுப் பாலத்தைக் காட்டினார். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிறது, எனக்கும் பெருமைதான். ஆனால் மூளை பெருத்ததால்தான் நாம் ஜெயித்தோம் என்றாரே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் இனத்துக்கு உறவான பழங்கால நியாண்டர்தால் மனிதனுக்கும் நம்மளவு மூளை இருந்தது. தீயும் கல்லாயுதமும் அவன் கையிலும் இருந்தன. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அவன் இனமே அற்றுப்போனது. மூளை அவனைக் காப்பாற்றவில்லையே ஐயா!

சரி, ஜார்ஜியா நாட்டில் த்மானிசி என்ற ஊருக்கு வாருங்கள். அங்கே ஓர் ஆதிமனிதரின் மண்டையோடு கிடைத்தது. வயது ஏறத்தாழ 17.7 லட்சம் ஆண்டு. வாயில் ஒரே ஒரு பல். மற்ற பல் இருந்த குழியெல்லாம் எலும்பு வளர்ந்து தூர்ந்துவிட்டது. அப்படித் தூர வருஷக்கணக்கில் ஆகும். மெல்ல முடியாத அந்த முதியவர் அத்தனை வருஷம் எப்படி உயிரோடு இருந்தார்? கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவர் மூளையோ நம் மூளையில் பாதிகூட இல்லை!

இது நமக்குப் புதுசா? கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிற்றிலும் ஆட்கள் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் நகர்வார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். என் தாத்தா பார்வை மங்கிய பிறகும் கரைக்குப் போவார். இழுக்கத் தெம்பில்லை, கரையேறிய கயிற்றின் வாலைத் தடவித் தடவிச் சுருட்டி வைப்பார். அவருக்கும் பங்கு வீடு தேடி வந்துவிடும்.

அப்புறம் எதிர்காலம். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்குவிட 120 மீட்டர் தாழ்வு. இந்தப் பாக் நீரிணை அன்று நிலம், இலங்கைக்கு நடந்தே போகலாம். கடல் ஏற ஏற மனிதர்கள் உள்ளே நகர்ந்தார்கள். இப்போது மறுபடியும் ஏறுகிறது. 1964-இல் தனுஷ்கோடியை இழந்தவர்களுக்கு இது கதையல்ல. கடல் ஏறுமென்று சொல்ல அறிவு போதும், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கரையில் வீடிழந்து வருகிறவனுக்கு உள்ளூர்க்காரன் தன் மனையில் இடம் ஒதுக்க வேண்டுமே, அதை எந்த இயந்திரம் செய்யும்? அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். அமர்கிறேன்.