மெண்டெல்சோன்: கைப்பிடியில் வைத்த கை

நேயர்களுக்கு வணக்கம். தேவாலயத் திருமணங்களில், மணமக்கள் கைகோத்து வெளியே வரும்போது ஆர்கனில் கம்பீரமாக எழும் ஒரு நடையிசையைக் கேட்டிருப்பீர்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்காக 1842இல் அதை இயற்றியவர் ஃபெலிக்ஸ் மெண்டெல்சோன். 1809இல் ஹாம்பர்க்கில் பிறந்து, பெர்லினில் வளர்ந்து, 38 வயதிலேயே லைப்சிக்கில் மறைந்த அவரை இசையமைப்பாளராகத்தான் பலரும் அறிவார்கள். எனக்கோ, பிறர் இசையை எடுத்து நடத்தியவர் என்ற வகையிலேயே அவர் மேலும் பெரியவராகத் தெரிகிறார்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் மறைந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளில், மத்தேயு நற்செய்தியைத் தழுவி இயேசுவின் துன்பங்களைப் பாடும்படி அவர் அமைத்த 'பாடுகள்' என்னும் பெரும்படைப்பு ஒலிக்க மேடையின்றிப் பிரதிகளாகவே கிடந்தது. அதில் ஒரு பிரதியை எழுதுவித்து ஃபெலிக்ஸுக்குப் பரிசளித்தவர் அவருடைய பாட்டி. பேரனுக்கு மோதிரம் செய்து போடாமல் இசைத்தாள் கொடுத்த அந்தப் பாட்டியை நாமும் வாழ்த்தலாம்.

1829 ஜனவரியில், 19 வயது ஃபெலிக்ஸும் அவருடைய நண்பரும் பாடகருமான டெவ்ரியண்டும், அப்படைப்பை அரங்கேற்ற அனுமதி கேட்டுத் தங்கள் ஆசான் செல்ட்டரிடம் சென்றார்கள். புகைமண்டலத்துக்கு நடுவே, இரட்டை விசைவரிசை கொண்ட பழைய வாத்தியத்தின் முன் அமர்ந்திருந்த ஆசான், மூக்குச்சளி துடைக்கத் தெரியாத பையன்களுக்கு இது விளையாட்டா என்று சீறினார். முகம் வெளிறிய ஃபெலிக்ஸ் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். டெவ்ரியண்ட் அவரை நிற்கும்படி சைகை காட்டி, விடாமல் வாதாடி, ஆசானை இணங்க வைத்தார். அந்தக் கைப்பிடி மட்டும் அன்று திரும்பியிருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. மார்ச் 11 அன்று, ஏறத்தாழ 150 பேர் பாட, 20 வயது நிரம்பிய ஃபெலிக்ஸ் நடத்த, பாஹ் மறுபடி ஒலித்தார். தத்துவ அறிஞர் ஹேகலும் அவையில் இருந்தார்.

1835இல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்கு அவர் பொறுப்பேற்றார். அதுவரை அங்கே முதல் வயலின்காரரே வாசித்தபடி குழுவை வழிநடத்துவார். இவரோ கையில் கோலுடன் முன்னால் நின்றார். கலைஞர்களின் சம்பள உயர்வுக்காகவும் வாதாடினார். இசையமைப்பாளர் ஷூபர்ட் இறந்து 10 ஆண்டுகளுக்கும் மேல் அரங்கேறாமல் கிடந்த பெரிய சிம்பொனியை 1839இல் ஒலிக்கச் செய்தவரும் இவர்தான். மறுபடியும் பாருங்கள், பிறர் இசை! பாஹுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப நிதி வேண்டி, 1840இல் தோமா தேவாலயத்தில் தனியொருவராக ஆர்கன் வாசித்ததும் அந்த வரிசையில்தான் சேரும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் நெருங்குவதாகச் சைகை வருகிறது. இசையமைப்பாளரான அக்காள் ஃபானியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1847 மே மாதம் அவர் இறந்தார், நவம்பரில் தம்பியும் போனார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக, லைப்சிக்கில் இருந்த ஃபெலிக்ஸின் சிலையை நாஜிகள் 1936இல் இரவோடிரவாக அகற்றினார்கள். 2008இல் அதே வடிவில் புதிதாகச் செய்து நிறுவிய சிலை, பாஹ் பணியாற்றிய தோமா தேவாலயத்தின் எதிரே நிற்கிறது. வணக்கம்.