சிலந்தியே விட்டுவிடும் பூச்சி! | தர்மபுரி அந்துப்பூச்சி Vs கொலம்பியா விஷத் தவளை

வணக்கம் மக்களே! கட்டைவிரல் நீளமே இருக்கும் இந்த மஞ்சள் தவளையின் தோலில் இருக்கும் விஷம், பத்துப் பேரைக் கொல்லப் போதும். வாழ்வது கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில். தின்னும் தீனியிலிருந்தே விஷத்தைச் சேர்த்துக்கொள்ளும் அதே வித்தை தெரிந்த ஒரு அந்துப்பூச்சி, நம்ம பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சணப்பை வயலில் பறக்கிறது.

[திரையில்: தவளை]

பில்லோபேட்டிஸ் டெரிபிலிஸ். 1978-இல் அறிவியல் பெயர் பெற்றது. எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பின் முனையை இதன் முதுகில் தேய்த்துவிட்டு வேட்டைக்குப் போவது வழக்கமாக இருந்தது. சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

[திரையில்: வெள்ளை இறக்கை, சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள்]

யூட்டிதீசா புல்கெல்லா. பகலிலேயே பறக்கும். சணப்பையை விதைக்கு விட்டவர்களுக்கு இதன் புழுவை நன்றாகத் தெரியும்: காய்க்குள் தலையை நுழைத்து விதையைத் தின்னும் மயிர்ப்புழு. கிலுகிலுப்பைச் செடியிலும் இருக்கும். மாடு தின்றால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அந்தச் செடியில் உண்டு. புழுவோ அதைத் தின்று உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. இறக்கை முளைத்த பிறகும் நஞ்சு அப்படியே இருக்கும்.

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, தள்ளிவிடாதீர்கள். இதன் அமெரிக்க உறவுக்காரப் பூச்சி யூட்டிதீசா ஆர்னட்ரிக்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் அதைச் சிலந்தி வலையில் விட்டுப் பார்த்தார். சிலந்தி ஓடி வந்தது, தொட்டுப் பார்த்தது. அப்புறம் பூச்சியைச் சுற்றியிருந்த நூலை ஒவ்வொன்றாக அறுத்தது. பூச்சி பறந்தேபோய்விட்டது! அதே இனப் புழுவை நஞ்சில்லாத பீன்ஸ் தீவனத்தில் வளர்த்து, பூச்சியானதும் வலையில் விட்டால்? சிலந்தி தின்றுவிட்டது.

இன்னொன்று: இணைசேரும்போது ஆண் பூச்சி பெண்ணுக்குக் கொடுக்கும் சீரே இந்த நஞ்சுதான். அதைப் பெண் முட்டைக்குள் வைத்துவிடும். எறும்பு கிட்டே போகத் தயங்கும்.

தவளைக்கும் இதே கதைதான். காட்டில் அது தின்னும் சிறு பூச்சிகளிலிருந்துதான் நஞ்சு சேர்கிறது. கூண்டில் பிறந்து, பழ ஈ தின்று வளர்ந்த டெரிபிலிஸிடம் விஷமே கிடையாது.

பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழப்போகும் சணப்பைக்கு இந்தப் புழுவுக்காக மருந்து அடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எப்படியும் மண்ணுக்குள் போகிற செடி அது, நாலு இலை போனால் போகட்டும்.

அரூர், காரிமங்கலம் பக்கம் இருப்பவர்களே, இந்தப் பூச்சி கண்ணில் பட்டால் எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். செடிதான் எனக்கு முக்கியம்.